மைதீன் அண்ணனிடம் நின்றுபோன நாலாம் பாகம்

செய்தி நம் காலை ரயில் வண்டிப் பயணிகளின் வாட்ஸாப் குழுவில்தான் வந்தது. நான் சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் நாலைந்து தடவை முனகியது. யாராவது பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம் போட்டிருப்பார்கள் என்று எடுத்துப் பார்க்கவில்லை. துருவி, அரைத்து, தாளித்து, தோசையும் தின்று கையைக் கழுவிய பிறகுதான் எடுத்தேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கும்பிட்ட கையைப் போட்டிருந்தார்கள். மூன்று பேர் ஒரே வெள்ளை ரோஜாவை அனுப்பியிருந்தார்கள். மேலே தள்ளித் தள்ளிப் போனால், "நமது முன்னாள் சக பயணி கோட்டாறு எம். மைதீன் அவர்கள் இன்று அதிகாலை மௌத்தாகிவிட்டார்கள்" என்று இருந்தது. நம் எல்லோருக்கும் அவர் மைதீன் அண்ணன். அந்த "எம்." யாரையோ வேறு ஆளைக் காட்டியது. கீழே இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று போட்டிருந்தார்கள். இரணியலில் இருந்து கோட்டாறுக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். நான் போகவில்லை. உங்களில் இரண்டு பேர் போனில் கூப்பிட்டு, "எஸ்தரக்கா, வரல்லியா?" என்று கேட்டீர்கள். முட்டுவலி என்று சொன்னேன். அது பொய். ஒன்பது நாளைக்கு முன்னால் நான் அவரைப் போனில் ஏசியிருந்தேன். "நீங்க படிக்கிறது இல்ல அண்ணே, மாடு மாதிரி அசை போடுகிய. புதுசா ஒரு ஆளப் பாக்கதுக்கே உங்களுக்குப் பயம்" என்று சொல்லியிருந்தேன். அவர், "செரி பிள்ளே, வைக்கட்டா" என்று வைத்துவிட்டார். தினமும் காலையில் கூப்பிடுகிற மனிதர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நாலு நாள் பிணங்கிக் கிடக்கட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. அந்தப் பேச்சை நான் திரும்ப எடுத்துக்கொள்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்க எந்த முகத்தோடு நான் போவது?

இப்போது வண்டியில் வருகிற புதியவர்களுக்கு அவரைத் தெரியாது. ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். மைதீன் அண்ணனுக்குத் திருவனந்தபுரத்தில் சர்வே ஆபீஸில் வரைபடம் வரைகிற வேலை. எனக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை. அவர் நாகர்கோவிலிலேயே ஏறி ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்துவிடுவார். நாங்கள் இரணியல்காரர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குவோம். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று நாளுக்கு மூன்று மணி நேரம் வண்டியில். பெண்கள் பயறு உரித்தார்கள், ஆண்கள் சீட்டு விளையாடினார்கள், சிலர் வாயைப் பிளந்து தூங்கினார்கள். மைதீன் அண்ணன் படித்தார்.

நான் அவரிடம் முதன்முதலில் பேசியதும் ஏச்சுதான். நல்ல கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய நாவலை மடியில் வைத்துக்கொண்டு பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன சாரே, உங்களுக்கு மூளைக்குச் சுகமில்லியா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எண்ணூறு பக்கமாக்கும் பிள்ளே. உனக்கு ஒரு கை கம்பியில இருக்கு. மத்த கையில இத ஒண்ணு தூக்கிப் பாரு" என்றார். அச்சுக்காரன் தைத்த மடிப்புப் பார்த்து, ஒரு தையலும் அறுபடாமல் நாலு பாகமாக அறுத்துவிட்டார். மறுநாள் ஒவ்வொன்றுக்கும் உறை போட்டுக் கொண்டுவந்தார். ஆபீஸில் கழித்துப் போட்ட வரைபடத் தாள்தான் உறை. வயல் ஏலாவும் குளமும் ரோடும் கோடு கோடாக ஓடும்.

"வெட்ட எப்படி மனசு வருது?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை. "ஒரு தடவ படிச்சு முடிச்ச பொஸ்தகத்தத்தான் வெட்டுவேன். அதுவும் இன்னொரு தடவ படிக்கணும்ணு தோணினாத்தான். வெட்டாம இருந்தா அதோட நமக்கு ஒறவு முடிஞ்சுண்ணு அர்த்தம்." அவர் வீட்டு அலமாரியில் முழுசாக இருந்தவை எல்லாம் அவர் கைவிட்டவை. துண்டு துண்டாகக் கிடந்தவைதான் அவருக்குப் பிடித்தவை. கல்யாண வீட்டில் யாராவது புதுப் புத்தகம் பரிசு கொடுத்தால், "இது வெட்டுப்படுமாண்ணு பாப்போம்" என்பார். கொடுத்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு கதையை இரண்டாம் தடவை படிக்கிற வழக்கமே கிடையாது. படித்தது படித்ததுதான், தின்ற இலை மாதிரி தூரப் போட வேண்டியதுதான் என்று வளர்ந்தவள் நான். என்னை மாற்றியது அந்த எண்ணூறு பக்கம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மைதீன் அண்ணனும் எந்தப் புத்தகத்தையும் அதன் பெயரால் சொன்னதில்லை. அந்த நாவலில் ஒரு பெரிய குடும்பம், அதில் மூத்த மகள் ஒருத்தி வீட்டோடு பிணங்கிப் போகிறாள். எங்களுக்கு அந்த நாவலே "பெரியவள்". பெயரைச் சொன்னால் நீங்கள் வாங்கிப் படிப்பீர்கள். ஆனால் நாங்கள் படித்த புத்தகம் அதில் இருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் ஒரு பாகம் படித்து முடித்ததும் எனக்குத் தருவார் என்பது ஏற்பாடு. நடுவில் ஒரு வாரம் அவர் லீவு. போவதற்கு முன்னால் மிச்ச மூன்று பாகத்தையும் மொத்தமாகத் தந்துவிட்டுப் போனார். பாக எண்ணை உள்ளே முதல் தாளில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. உறையின் மூலையில் கறுப்பு மையில் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்த்தேன். அது வரைபடத் தாளின் எண். அந்த வரிசையில் நான் ஒன்று முடித்து, மூன்று படித்து, பிறகு இரண்டுக்கு வந்தேன். மூன்றாம் பாகத்தில் பெரியவளின் அப்பா செத்துப்போகிறார். அடுத்ததாக நான் எடுத்த பாகத்தில் அதே அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பலாச்சுளை எடுத்துக் கொடுக்கிறார். எழுதினவர் என்ன கெட்டிக்காரர் என்று நினைத்தேன். செத்த மனிதரைக் கொண்டுவந்து பலாச்சுளை எடுக்க வைத்துவிட்டாரே என்று குழித்துறை ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதேன். எதிரே இருந்த பெண் எனக்கு வீட்டில் ஏதோ துஷ்டி என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

லீவு முடிந்து வந்தவரிடம் அந்தப் பலாச்சுளையைப் பற்றிப் பேசிப் பேசித் தீர்த்தேன். அவர் ஒன்றும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கூடுதல் புத்தியோ தனக்குக் குறைந்த புத்தியோ என்று அவருக்குச் சந்தேகம். நெய்யாற்றின்கரை வந்தபோது, "பிள்ளே, நீ எந்த எண்ணப் பாத்து எடுத்த?" என்றார். காட்டினேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். எனக்கு நாணக்கேடாகப் போய்விட்டது. ஆனால் அடுத்த இரண்டு வாரம் அவரும் என் வரிசையில் முழுவதையும் திரும்பப் படித்தார். கடைசிப் பாகத்தை மூடிவிட்டு, "நீ படிச்ச பொஸ்தகம் கொள்ளாம், நல்லா இருக்கு. எழுதினவருக்கு இது தோணல்ல பாத்தியா" என்றார். அதிலிருந்து மழை தொடங்குகிற மாதத்தில் ஒவ்வொரு வருஷமும் பெரியவளைப் படித்தோம். ஒரு வருஷம் எழுதினவர் வரிசை, அடுத்த வருஷம் என் வரிசை.

மற்றப் புத்தகங்களுக்கும் இப்படி ஒவ்வொரு பருவம் உண்டு. தேர்தல், விசேஷம் என்று வண்டியில் கூட்டம் நெரிகிற நாட்களுக்கு ஒரு துப்பறியும் கதை. அதில் ஒரு சோப்பு டப்பாவில்தான் முடிச்சு இருக்கும். ஆகவே அதற்குப் பெயர் சோப்பு டப்பா. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு அதைப் படிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். "ஆளு ஆருண்ணு தெரிஞ்ச பொறவுதான் பிள்ளே அவன் சிரிக்கது கேக்கும். மொத தடவ நாம ஓடுகோம். எவன் சிரிக்கான், எவன் பல்லக் கடிக்கான்னு எங்க பாக்க?" என்றார். நான் திரும்பப் படித்தேன். உண்மைதான். அந்த ஆள் மூன்றாம் அத்தியாயத்திலேயே இரண்டு தடவை காரணமில்லாமல் சிரிக்கிறான்.

ஒரு மனிதர் கால்நடையாக ஊர் ஊராகப் போய் எழுதிய பயணப் புத்தகம் ஒன்று. அதை அவர் கொடுங்கோடையில்தான் எடுப்பார். வெயிலில் நடக்கிற ஆளோடு வெயிலில்தான் போக வேண்டுமாம். கவிதைத் தொகுப்பு ஒன்று இருந்தது, அதை அவர் வெட்டவில்லை. மெலிந்த புத்தகம், வெட்ட ஒன்றுமில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு கவிதைக்கு மேல் படிக்க மாட்டார். பள்ளியாடி ஸ்டேஷனுக்குள் முடிந்துவிட்டால் புத்தகத்தை மூடி வெளியே பார்த்துக்கொண்டு வருவார். பேச்சுக் கொடுத்தாலும் பேச மாட்டார்.

பாம்புகளைப் பற்றிய கையேடு ஒன்றும் அந்த வரிசையில் உண்டு. அதையும் நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் படிப்பார். ஒரு நாள் இரணியல் பிளாட்பாரத்தில் சிமெண்டு பெஞ்சுக்கு அடியில் ஒரு பாம்பு. ஆட்கள் கம்பு தேடினார்கள். மைதீன் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வண்டி நின்ற ஒரு நிமிஷத்தில் கையேட்டோடு குதித்து இறங்கினார். "ஒருத்தரும் அடிக்கப்பிடாது, நான் பாத்துச் சொல்லுகேன்" என்று கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு பக்கம் புரட்டினார். வண்டி போய்விட்டது. பாம்பும் போய்விட்டது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அரை நாள் லீவு. அப்போதுதான் ஏறியிருந்த நான் ஏன் அவரோடு இறங்கினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஐந்து வருஷம் நான் தனியாக அந்த வண்டியில் போய்வந்தேன். கூட்டத்தில் தனியாக என்றால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. பிறகு எனக்கும் ஓய்வு வந்தது. என் வீட்டுக்காரர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் மஸ்கட்டில். வீட்டில் நானும் டிவியும்தான். மைதீன் அண்ணன் வழக்கமாக வண்டி ஏறுகிற நேரத்தில் காலையில் போனில் கூப்பிடுவார். "எங்க வந்தாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. ஊரைக் கேட்கவில்லை, பக்கத்தைக் கேட்கிறார். பாகங்களை அவர் படித்து முடித்ததும் நாகர்கோவிலில் வண்டி ஏறுகிற உங்களில் யாரிடமாவது கொடுத்துவிடுவார். இரணியலில் நான் வந்து வாங்கிக்கொள்வேன். வரைபடத் தாள் சுற்றிய அந்தப் பொதிக்குள் என்ன என்று உங்களில் சிலர் கேட்டதுண்டு. அதுதான் இது.

இரண்டு வருஷமாக அவரிடம் ஒரு மாற்றம் இருந்தது. புதிதாக எதையும் தொட மாட்டார். நான் நல்லதாக ஏதாவது சொன்னால், "பாப்போம்" என்பார். முன்பெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்கி அனுப்புவார். "இவனுக்குக் கொழுப்பு" என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே நான் பதில் எழுதுவேன். அந்தக் கிறுக்கலும் நின்றது. பாகங்களை ஸ்டேஷனுக்குத் தானே கொண்டுவராமல் ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பினார். நேரில் வரச் சொன்னால், "பஸ்ஸுல ஏறி எறங்க வய்யா பிள்ளே" என்பார். நான் வருகிறேன் என்றால், "எதுக்கு பிள்ளே, போன் இருக்குல்லா" என்பார். வயசாகிறது, சோம்பல் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாவல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை நான் என் காசில் இன்னொன்று வாங்கி, வண்டியில் கொடுத்து அனுப்பினேன். மூன்று மாதமாகியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன வருஷ மழைக்கு ஏதோ சாக்குச் சொல்லிப் பெரியவளைத் தள்ளிப்போட்டவர், இந்த வருஷம் மழை தொடங்கியதும் எடுத்தார். மூன்று பாகம் வந்தது. ஒவ்வொன்றும் முன்பு எடுத்ததைவிட பல மடங்கு நாள் எடுத்தது. நாலாம் பாகம் ஒரு மாதமாகியும் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் மாட்டையும் அசை போடுவதையும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி பாத்துமுத்து இத்தா இருந்தாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது அவர்கள் முறை. உள் அறையில் வெள்ளைத் துணி உடுத்து, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அவளை மைனி என்றுதான் கூப்பிடுவேன். இத்தனை வருஷத்தில் அவளோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. போனால் சாயா தருவாள், நாங்கள் புத்தகம் பேச ஆரம்பித்ததும் உள்ளே போய்விடுவாள்.

"வா எஸ்தர். இப்பளாவது வந்தியே" என்றாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல், "எப்படி மைனி திடீர்னு?" என்று எல்லோரும் கேட்கிறதையே கேட்டேன்.

"திடீர்னு ஒண்ணும் இல்ல. சர்க்கர பாத்துக்க. கண்ணத்தான் மொதல்ல தின்னுச்சு. ரெண்டு வருசமாட்டு ஒண்ணும் தெரியாது. ஆளு வந்தா நெழலு மாதிரித் தெரியும், அம்புட்டுதான்."

எனக்கு முதலில் தலைக்குள் ஏறவில்லை. "யாருக்கு?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"அவியளுக்குத்தான். உனக்குத் தெரியாதுண்ணு எனக்குத் தெரியும். சொல்லப்பிடாதுண்ணு சொல்லியிருந்தாவ."

"அப்ப பொஸ்தகம்?"

"நானாக்கும் வாசிச்சது. லுஹர் முடிஞ்சு, சோறு தின்னுட்டு, இந்தக் கட்டில்ல இருந்து வாசிப்பேன். நான் அஞ்சாங் கிளாசு. எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கத்துக்கு அர மணிக்கூறு ஆவும். அவிய ஏசவே மாட்டாவ. நான் தப்பா வாசிச்சா அவியளே சரியாச் சொல்லிருவாவ. எல்லாம் பாடமுல்லா. பொறவு மத்த நாளு காலத்த உனக்குப் போன் போட்டு, தானே படிச்ச மாதிரி அளப்பாவ. நான் அடுக்களையில நிண்ணு சிரிப்பேன்."

முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தவள் நான். தினமும் பேசுகிற மனிதருக்குக் கண் போனது எனக்குத் தெரியவில்லை. நாலாம் பாகம் ஏன் தாமதம் என்று நான் கத்தியது, எழுத்துக்கு மேல் விரலை வைத்து நகர்த்துகிற இந்தக் கையைப் பார்த்துத்தான் என்று நினைத்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை. கேட்காமல் போகவும் முடியவில்லை. "மைனி, நான் அண்ணைக்கு ஏசினதுல அண்ணனுக்கு வெசனம் உண்டா?" என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாவு வீட்டுக்கு வந்தவளிடம் யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். பாத்துமுத்து மைனிக்குப் பொய் வராது. "உண்டு" என்றாள். "ரெண்டு நாளு ஒரு வார்த்த சரியாட்டு மிண்டல்ல. மூணாம் நாளு, எஸ்தர் தந்த பொஸ்தகத்த எடு பாத்துமுத்து, அதையும் ஒண்ணு பாத்துருவோம்னு சொன்னாவ. பத்துப் பக்கம் வாசிச்சேன். கண்ண மூடிக் கேட்டுட்டே இருந்தாவ. பொறவு, மதி, போதும், மூடி வையிண்ணாவ. ஏன், கொள்ளாதாண்ணு கேட்டேன். பொஸ்தகம் கொள்ளாம், ஆனா இதுல ஒருத்தர் மொகமும் எனக்குத் தெரியல்லண்ணு சொன்னாவ."

பிறகு அவளே விளக்கிச் சொன்னாள். "பழசுல உள்ள ஆளுவள எல்லாம் அவிய கண்ணு இருக்கும்ப பாத்ததுல்லா. நான் பேரச் சொன்னதும் மொகம் வந்து நிக்குமாம். புதுசுல வெறும் சத்தம் மட்டும் கேக்குமாம். இருட்டுல ஆரோ பேசுகது மாதிரி."

புதிய ஆளைப் பார்க்கப் பயம் என்று நான் சொன்னேன். பார்க்க முடியவில்லை என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மைனி" என்றேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"நானும் சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? அறிஞ்சா அவ பாவம் பாத்து ஏசாம ஆயிருவா. இந்தப் பொஸ்தகத்துக்காச்சுட்டி எனக்கிட்டச் சண்ட பிடிக்க இந்த ஜில்லாவுல வேற ஆரு இருக்காண்ணு கேட்டாவ."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்துவிட்டு மைனி தலையணைக்குப் பக்கத்திலிருந்து நாலாம் பாகத்தை எடுத்தாள். உறை புதிது. கண் தெரியாத மனிதர் தடவித் தடவி மாற்றியிருக்கிறார், ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. முடிவதற்கு இருபது பக்கம் இருக்கும் இடத்தில் ஒரு தீப்பெட்டி அட்டை செருகியிருந்தது. "அதுக்குள்ள போயிட்டாவ. நீ கொண்டு போ. உனக்குள்ளதுதான்" என்று நீட்டினாள். வாங்கினேன். வாங்கிய பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாணத்தோடு, "அந்தப் பிள்ள கடசியில வீட்டுக்கு வருவாளா?" என்று கேட்டாள்.

எனக்கும் அவருக்கும் அந்த முடிவு தலைகீழ்ப் பாடம். இவளுக்கு மட்டும் இதுதான் முதல் தடவை என்பதை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. புத்தகத்தை அவள் மடியிலேயே வைத்தேன்.

"வாசிங்க மைனி. நான் கேக்கேன்."

மைனி கண்ணாடியை மாட்டினாள். எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு சொல்லைச் சேர்த்து, அது என்ன என்று தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டு, அடுத்ததற்குப் போனாள். நடுவில், "எளவு, இவளுக்கு இவ்வளவு பிடிவாதம் என்னத்துக்கு" என்று ஏசினாள். அன்றைக்கு அவளால் ஏழு பக்கம்தான் முடிந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அஸர் பாங்கு சொல்லுகிற நேரத்தில் பெரியவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாசல் கதவைத் தள்ளுவதை, படியில் நின்று முந்தானையால் முகம் துடைப்பதைப் பார்த்தேன். ஒடுங்கிய முகம், நெருங்கிய புருவம், மேலுதட்டில் ஒரு மச்சம். இது எதுவும் புத்தகத்தில் கிடையாது. இருபது வருஷமாக நான் அவளை இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் பார்த்த பெரியவளுக்கு என்ன முகம்? அவள் பிடிவாதத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம், அவள் அப்பாவைப் பற்றி அழுதிருக்கிறோம். அவள் பார்க்க எப்படி என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. மைனி புத்தகத்தை மூடியதும், "அவ பாக்க எப்படி இருப்பாண்ணு அண்ணன் எப்பவாவது சொல்லியிருக்காவளா?" என்று கேட்டேன்.

மைனி கண்ணாடியைக் கழற்றினாள். "அதெல்லாம் எனக்கிட்ட எங்க பேசுவாவ? உனக்கிட்டதானே பேசுவாவ" என்றாள்.

முதல் மூன்று பாகங்கள் என் வீட்டில் இருக்கின்றன. நாலாவதை மைனியிடமே விட்டுவிட்டு வந்தேன். அவருடைய சோப்பு டப்பாவும் பாம்பும் நடக்கிற மனிதரும் என்னிடம் வரட்டும் என்று மைனி சொல்லியிருக்கிறாள், வரும்போது வாங்கிக்கொள்வேன். நான் அவரைப் பேசிய பேச்சும் என்னிடம்தான் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. இவையெல்லாம் போக, மச்சம் வைத்த ஒரு முகம் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு முகம் கோட்டாறில் மண்ணுக்குள் போய்விட்டது.